காணாத கோளும் கருதல் அளவையும்

கண்ணுக்குத் தெரியாத கோளை நம்புகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்ப மட்டும் ஏன் தயங்க வேண்டும்? மறைமலைநகரில் நாங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி கேட்டது இது. நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சைவன். சைவத்துக்காகப் பாடுபட்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் பெரும்பாலானவற்றை யாரும் நேரில் கண்டதில்லை. கோள் தன் விண்மீனின் முகப்பைக் கடக்கும்போது ஒளி சற்று மங்கும், அதைத்தான் அளக்கிறோம். 1999இல் டேவிட் சார்பனோ குழுவினர் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றால் எச்டி 209458 என்ற விண்மீனைக் கவனித்தார்கள். ஒளி ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைந்து, சில மணி நேரத்தில் மீண்டது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதே மங்கல். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து கோளின் பருமன் கிடைத்தது; விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து அதன் நிறை கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால், தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த வாயுக்கோளம்.

இப்படி அறிவதற்குச் சைவ சித்தாந்தத்தில் ஒரு பெயர் உண்டு. அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூலில் முதலில் பேசுவது அளவையை, அதாவது உண்மையை அறியும் வழிகளைத்தான்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை (அருளாளர் சொல்). கோளை அறிந்தது கருதலால். ஆனால் ஏது, அதாவது ஊகத்துக்கு ஆதாரமான காரணம், போலியாக இருந்தால் கருதல் தவறிவிடும் என்பதும் அங்கேயே இருக்கிறது. விண்மீனின் கரும்புள்ளியாலும் ஒளி மங்கலாம். பின்னணியில் இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் மங்கலாம். இவற்றை விலக்கிய பிறகே கோள் என்று சொல்கிறார்கள்.

கருதல் தவறக்கூடும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1855இல் சென்னை வானாய்வகத்தின் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஓஃபியூகை என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். பிந்தைய அளவீடுகள் அதை உறுதிசெய்யவில்லை. வானியலார் அதைக் கைவிட்டார்கள்.

கடவுளுக்கான கருதல் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. பானையைக் கண்டு குயவனைக் கருதுகிறோம் என்றால், குயவன் வனைவதை வேறெங்கோ பார்த்திருக்கிறோம். உலகம் வனையப்படுவதை யார் பார்த்தார்? அடுத்த மங்கல் இத்தனை மணிக்கு என்று முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்ப்பதுபோல இறைவனைச் சரிபார்க்க முடியாது. என் நம்பிக்கை அருளாளர் உரையிலும், அவ்வுரை என்னுள் செய்த மாற்றத்திலும் நிற்கிறது. அதற்குக் கோள்களின் முட்டு வேண்டாம்.

அறிவியலின் வெற்றியைக் கடன் வாங்கிக் கடவுளை நிறுவும் பேச்சைச் சைவ மேடைகள் விட்டுவிட வேண்டும். கடினம் என்று தாண்டிப்போகும் அளவை இயலைப் பிள்ளைகளுக்கு நிதானமாகப் பாடம் சொல்லுங்கள். எந்த ஏது எதை நிறுவும், எதை நிறுவாது என்று பிரித்தறியும் பிள்ளைக்கு வானியலும் விளங்கும், சித்தாந்தமும் விளங்கும்.