எஞ்சினுக்கு முன் டயர்

அமெரிக்காவில் கோ-கார்ட் ஓடும் சிறு தார்த் தடங்களில் குட்டி மோட்டார் சைக்கிள்களைச் சாலைப் பந்தய முறையில் ஓட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதற்கென்றே தயாராகும் வண்டிகளின் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. அதனால் பலர், மண்ணில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட பழைய சின்ன வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறார்கள். ஹோண்டா எக்ஸ்ஆர்100, 2004-ல் அதன் இடத்துக்கு வந்த சிஆர்எஃப்100எஃப் இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை. 99 சிசி எஞ்சின், ஏறத்தாழ 75 கிலோ எடை, முன்னால் 19 அங்குலச் சக்கரம், பின்னால் 16, இரண்டிலும் ட்ரம் பிரேக், பட்டன் டயர். வாங்கியவர் மனத்தில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியதுதான்: பெரிய பிஸ்டன் போடலாமா, கேம் மாற்றலாமா, கார்புரேட்டரைப் பெரிதாக்கலாமா? அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பது என் வாதம். அது முதலில் வருவது வண்டி விஷயத்தில் மட்டும் நடப்பதில்லை. நாம் வாழ்கிற விதத்திலும் அதே வரிசைப் பிசகு இருக்கிறது.

மண் வண்டி வழுக்குவதை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. பட்டன் டயரின் கட்டைகள் இளகிய மண்ணுக்குள் இறங்கிப் பற்றும். கெட்டியான தாரில் இறங்க இடமில்லாததால் அவை வளைந்து நெளியும், சூடேறும், பிய்யும். கணக்குப் போட்டால் வேறுபாடு தெளிவாகும். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். டயரின் உராய்வுக் கெழு 0.7 என்றால் அந்த வளைவில் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. நல்ல பந்தய டயர் போட்டு அது 1.1 ஆனால் வேகம் 37-ஐத் தொடும். ஓட்டுபவர் 60 கிலோ என்றால், வண்டியும் ஆளுமாக 135 கிலோ. 30-இல் வெளிவந்தவர் 37-க்கு ஏறுவதற்கு, பின்சக்கரத்தில் 7 குதிரைத்திறன் கொடுக்கும் எஞ்சின் முழுத் திறனில் அரை விநாடி உழைக்க வேண்டும். வளைவுக்குள்ளேயே இழந்த நேரம் இதற்கு மேல். கார்ட் தடத்தில் நேர்ப்பாதை குறைவு, வளைவுகளே அதிகம். ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கடன் ஏறும். அதை அடைக்க எஞ்சினைப் பெருக்குகிறவர், எதனால் கடன்பட்டார் என்பதைத் தொடவே இல்லை.

டயர் பற்றத் தொடங்கியதும் அடுத்த குறை தலைகாட்டும். 45 பாகை சாய்ந்து திரும்பும் வண்டியின் சக்கரங்கள் அதன் எடையைப் போல் 1.4 மடங்கு பாரத்தைத் தரையில் அழுத்துகின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் குதிப்பதற்காக மெத்தென்று செய்த ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் அந்தப் பாரத்தில் அமிழ்ந்துபோகும். பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். கடினமான ஸ்பிரிங், அடர்த்தியான ஃபோர்க் ஆயில், குறைந்த உயரம் ஆகிய மூன்றும் தேவைப்படும். ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் சற்று மேலே தள்ளிப் பூட்டினால் முன்பக்கம் தாழ்ந்து, ஸ்டீயரிங் செங்குத்தாகி, வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். அளவு மீறினால் நேரான பாதையிலேயே ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். பின்னால் 12 அங்குலச் சக்கரத்துக்கு மாறினால் சக்கரத்தின் மொத்த விட்டம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். எஞ்சின் வேகமாகச் சுழன்று முன்னதாகவே மூச்சு முட்டும். ஸ்பிராக்கெட் பற்களை எண்ணி அதைச் சரிக்கட்ட வேண்டும். முன் ட்ரம் பிரேக் சுற்றுக்குச் சுற்று சூடேறித் தளரும். டிஸ்க் பிரேக் உள்ள வேறொரு வண்டியின் முன்பகுதியைப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஆயில் டிரெயின் போல்ட்டில் துளையிட்டுக் கம்பியால் கட்டுவதை நான் தனியாக மதிக்கிறேன். அதனால் வேகம் சிறிதும் கூடுவதில்லை. ஆனால் போல்ட் கழன்று தடத்தில் எண்ணெய் சிந்தினால் விழப்போவது பின்னால் வருகிறவர். தன்னால் பிறர் விழக்கூடாது என்ற அக்கறையையும் வண்டியைத் தயாராக்கும் வேலையின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து முடியும் வரை எஞ்சினில் கை வைத்திருக்க மாட்டோம். இந்த வரிசைக்கு ஹோண்டாவே ஒரு சாட்சி. அதன் பந்தயப் பிரிவான எச்ஆர்சி, என்எஸ்எஃப்100 என்ற குட்டிப் பந்தய வண்டியைச் செய்தபோது எக்ஸ்ஆர்100 குடும்பத்தைச் சேர்ந்த அதே காற்றுக் குளிர்ச்சி எஞ்சினைத்தான் வைத்தது. ஃபிரேம், 12 அங்குலச் சக்கரம், பிரேக், உட்காரும் நிலை ஆகியவையே அதைப் பந்தய வண்டியாக்கின. இன்னொரு சாட்சி கென்னி ராபர்ட்ஸ். 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை 500 சிசி உலகப் பட்டத்தை வென்ற அவர், கலிஃபோர்னியாவில் தன் பண்ணையில் வீரர்களை எக்ஸ்ஆர்100 வண்டியில் மண்ணில் சுற்றவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஒருவரான வெய்ன் ரெய்னி 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகள் உலக சாம்பியன் ஆனார். 150 குதிரைத்திறனுக்கு மேல் சீறும் வண்டியை அடக்கியவர்கள் பழகுவதற்கு ஒரு சிறுவர் வண்டியைத் தேர்ந்ததற்கு எளிய காரணம் உண்டு. திறன் குறைந்த வண்டியில் பிழை மறையாது. வளைவில் வேகத்தை இழந்தால், ஆக்சிலேட்டரை முறுக்கி அதை மீட்க வழியில்லை.

வாழ்க்கையில் நம் வரிசை எப்படி இருக்கிறது? புது வேலைக்கோ புது ஊருக்கோ போய்த் தடுமாறுகிற ஒருவர், தனக்குப் போதாதது ஆற்றல் என்றே நினைக்கிறார். இன்னொரு பட்டம், இன்னும் நீண்ட வேலை நேரம், இன்னும் பெரிய பதவி என்று எஞ்சினைப் பெருக்குகிறார். பழைய தரைக்குப் பொருந்திய பழக்கங்கள் புதிய தரையில் வழுக்குகின்றன என்பதை அவர் பார்ப்பதில்லை. தனியாக உழைத்து நல்ல பெயர் எடுத்தவர் பத்துப் பேரை நடத்தும் பொறுப்புக்கு வந்ததும், பத்துப் பேர் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யப் பார்ப்பது இதனால்தான். அவருக்கு வேண்டியவை வேறு: எதிரிலிருப்பவர் சொல்வதை முழுக்கக் கேட்பது, அதிர்ச்சியைத் தாங்கி நிமிர்வது, வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிவது. இவை கண்ணுக்குத் தெரியும் சாதனைகள் அல்ல. ஆகவே இவற்றுக்கு நேரம் ஒதுக்க நமக்கு மனம் வருவதில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று எளியது: தாருக்கென்றே செய்த வண்டி இருக்கும்போது மண் வண்டியை ஏன் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்? வசதி இருந்தால் அதையே வாங்கலாம். திருத்திய வண்டிக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் அந்த வண்டிகளின் உலகமும் என் பக்கமே பேசுகிறது. 2021-ல் தொடங்கிய எஃப்ஐஎம் மினிஜிபி தொடரில் 10 முதல் 14 வயதுச் சிறுவர் சிறுமியருக்கு ஓவாலே ஜிபி-0 160 என்ற ஒரே வகை வண்டி, ஒரே வகை டயர். எஞ்சின் திறனை எல்லோருக்கும் சமமாக்கிவிட்டுத்தான் திறமையை அளக்கிறார்கள்.

அடுத்த மறுப்பு கனமானது. வலிமை இல்லாதவனிடம் போய், வலிமை முக்கியமில்லை, இருப்பதை வைத்து ஒழுங்காக ஓட்டு என்பது வசதி உள்ளவர்களின் உபதேசம் அல்லவா? ஆம், பலமுறை அது அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. 50 சிசி வண்டியை 150 சிசி வண்டிகளோடு நிறுத்திவிட்டுப் பிடிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம். பந்தய விதிகளே அதை ஒப்புவதில்லை. அதனால்தான் பிரிவு பிரிக்கிறார்கள். ஆகவே யாருக்குக் குறைவது வலிமை, யாருக்குக் குறைவது பிடிப்பு என்று கண்டறிய ஒரு வழி வேண்டும். அது தடத்திலேயே இருக்கிறது. ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் ஆக்சிலேட்டர் முழுதும் திறந்திருக்கிறது என்று பாருங்கள். திறக்கக்கூடிய இடமெல்லாம் முழுக்கத் திறந்தும் ஒருவர் பின்தங்கினால் அவருக்கு எஞ்சின் போதவில்லை. அதை அவருக்குக் கொடுப்பதே நியாயம். பகல் முழுக்கக் கூலி வேலை செய்தும் வாடகை கட்ட முடியாதவர் இந்த வகை. அவரிடம் பழக்கத்தை மாற்றிக்கொள் என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை கூடுதல் கூலி. பாதி திறந்ததுமே அச்சத்தில் மூடிக்கொள்கிறவருக்கோ, இருக்கும் திறனே இன்னும் செலவாகவில்லை. அவர் கையில் மேலும் பத்துக் குதிரைத்திறனைக் கொடுத்தால் அச்சந்தான் அதிகமாகும்.

பிள்ளைக்காக ஒரு பழைய எக்ஸ்ஆர்100-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய பிஸ்டனுக்கு எடுத்துவைத்த பணத்தில் இந்தப் பருவத்துக்கு நல்ல டயரும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் வாங்குங்கள், மிச்சத்தைத் தடத்தின் வாடகைக்குக் கட்டுங்கள். எஞ்சினைத் திறப்பதா வேண்டாமா என்பதை, பிள்ளை எல்லா இடத்திலும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஓட்டத் தொடங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.