வெட்டாத புல்

'வெட்டாத புல்' என்கிறோம். 'வெட்டாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம், காலம் காட்டாது. நேற்று வெட்டாததா, இனியும் வெட்டாததா என்று அதைக் கொண்டு அறிய முடியாது. யார் வெட்டவில்லை, ஏன் வெட்டவில்லை என்பதையும் அச்சொல் சொல்வதில்லை. ஆனால் கேட்பவர் மனம் சும்மா இருப்பதில்லை. ஒரு சோம்பேறியை அங்கே நிறுத்திவிடுகிறது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் குடும்பமும் முசலியை விட்டுப் புத்தளம் வந்தது. வாப்பா மண்வெட்டியைத் திண்ணையில் சாத்திவைத்துவிட்டு வந்தார். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் காணி பார்க்கப் போனோம். இலுக்குப் புல் தோளளவு நின்றது. கிணற்றுக் கட்டைக் காலால் தடவித்தான் கண்டோம்.

காணி உறுதியோடு ஒரு அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்தவர் சொன்னார்: "இருபது வருஷமா வெட்டாமப் போட்ட காணிதானே?"

"நாங்க போடல்ல தம்பி. எங்களப் போகச் சொன்னாங்க" என்றார் வாப்பா.

2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வர்த்தமானி மூலம் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் இல்லாத காலத்தில் காடு பிடித்த குடிநிலங்களும் அதற்குள் அடங்கியதாக ஊரவர் முறையிட்டனர். காட்டுக்காகப் பேசுவோரை நான் பழிக்கவில்லை. தானாக முளைத்த பாலைக் கன்றுக்கு யாருடைய உறுதியும் தெரியாது. அதில் கூடு கட்டிய பறவைக்கும் தெரியாது. அவற்றின் உயிரும் உயிர்தான். அந்த வழக்கை இக்கட்டுரையில் தீர்க்க என்னால் முடியாது.

என் கேள்வி சிறியது. 'வெட்டாத' என்பதிலிருந்து 'வேண்டாத' என்பதற்கு நாம் எப்படி இவ்வளவு சுலபமாகத் தாண்டுகிறோம்? வெட்ட மனமில்லாதவன், வெட்ட இயலாதவன், வெட்ட விடப்படாதவன் ஆகிய மூவரின் முற்றத்திலும் புல் ஒரே உயரத்துக்குத்தான் வளரும். புல்லைப் பார்த்து மனிதனைத் தீர்ப்பிட முடியாது.

இதை எழுதும் நானும் தப்பியவனல்லன். புத்தளத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றம் புல் மண்டிக் கிடந்தது. வருஷக்கணக்காக முகம் சுளித்தபடி அதைக் கடந்து போனேன். அந்த வீட்டுக்காரர் பாரிசவாதத்தில் படுத்திருந்தார் என்பது அவருடைய ஜனாஸாவுக்குப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு வாப்பாவின் பதில் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் இருந்தவர் கேட்டதையே நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.