தூய்மை கேட்காத ரத்தம்

ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்தில், இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று நம்பப்படும் திருப்பண்டம் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு வந்து கூடுகிறவர்களில் பிணி தீர வேண்டி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் வணங்குவது ஒரு கொலைக்கருவியின் மரத்தை என்பது பழக்கத்தில் மறந்துபோகிறது. ரோமானியர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் அவமானப்படுத்திக் கொல்ல வைத்திருந்த கருவி அது. திருச்சபை அதை வேறொன்றாக மாற்றிவிட்டு வணங்கவில்லை. கொன்ற மரமாகவே வணங்குகிறது. கேடு எதில் வந்ததோ மீட்பும் அதிலேயே என்ற இந்தக் கடினமான எண்ணம், புற்றுநோயாளியின் ரத்தத்திலிருந்தே மூல செல்களைப் பிரித்து அவருக்கே திரும்ப ஏற்றும் சிகிச்சையைப் பார்க்கும்போது புதுப் பொருள் கொள்கிறது. நோய் வந்தவரைச் சுற்றி நின்று ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதற்கு இந்தச் சிகிச்சை ஒரு சாட்சி என்பேன்.

மல்டிபிள் மைலோமா எலும்பு மஜ்ஜையிலேயே குடிகொள்ளும் புற்றுநோய். அதை ஒடுக்க மெல்ஃபாலன் என்ற மருந்தை மிக அதிக அளவில் கொடுக்கிறார்கள். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற கடுகு வாயுவின் வழிவந்த மருந்து அது. அந்த அளவு நோயோடு சேர்த்து மஜ்ஜையையும் அழித்துவிடும் என்பதால் முன்கூட்டியே ஒரு சேமிப்பு தேவைப்படுகிறது. நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டால் மஜ்ஜைக்குள் கிடந்து ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். எலும்பு வலியும் கூடவே வரும். பிறகு ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, வேண்டிய அடுக்கை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே அனுப்புகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் மூல செல்கள் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கோடி. எண்தான் பெரிது, பை சிறியது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி வரை உறையவைத்த பையைத் திரும்ப ஏற்றும்போது, செல்களைக் காக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ நோயாளியின் மூச்சில் வெளியேறி அறையெங்கும் பூண்டு வாடை அடிக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய வெள்ளையணுக்கள் தலைகாட்டும். வேலூர் சிஎம்சியில் 1986 முதலே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் இந்த வகைக்கு ‘மாற்று’ என்ற பெயர் பொருந்தவே இல்லை. அவருடையது அவருக்கே வருகிறது.

அப்படி வருவது தூய்மையானதா? இல்லை. மைலோமா நோயாளியிடமிருந்து எடுத்த பையில் புற்றுச் செல்களும் கலந்திருக்கக்கூடும். இது மருத்துவர்களையும் உறுத்தியது. சலித்து, மூல செல்களை மட்டும் பிரித்து ஏற்றிப் பார்த்தார்கள். 2001இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், சலித்த செல்களைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்துவிடவில்லை. உடம்பில் மிஞ்சிய நோய்தான் பெரும்பாலும் விளைவைத் தீர்மானித்தது. இதற்கு நேரெதிரான சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ரத்தப் புற்றுள்ள குழந்தைகளின் மஜ்ஜைச் செல்களுக்கு மரபணு அடையாளம் இட்டு ஏற்றினார்கள். நோய் திரும்பியபோது, அடையாளம் இட்ட செல்களும் புற்றில் இருந்தன. ஆக, கலப்பு தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கலப்பு இருந்தும் அதே ரத்தத்தை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதும், அந்த நம்பிக்கை பலருக்குப் பல ஆண்டுகளைத் தந்திருக்கிறது என்பதுமே என் வாதம். குற்றமுள்ள பகுதி, குற்றமற்ற பகுதி என்று கோடு போட இந்த உடம்பு இடம் தருவதில்லை.

உயிரியலில் போய் அறத்தைத் தேடலாமா என்று கேட்பார்கள். தேடக் கூடாதுதான். ஆனால் அறத்தை முதலில் அங்கே கொண்டுபோய் வைத்தது ‘பாவம்’ என்று சொன்னவர்கள்; நான் அதை வெளியே எடுக்கிறேன், அவ்வளவே. குருசடி நிற்கும் இதே மலையில் இன்னொரு சான்று உண்டு. 1952இல் லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் சிவப்பணுக்களை வளைக்கும் அரிவாள் செல் மரபணுவின் தன்மையைக் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் நோய். ஒரே எழுத்து வரமாகவும் சாபமாகவும் படிக்கப்படுகிறது. எந்த வினைக்கணக்கில் இதை எழுதுவது?

வினைக்கொள்கை பலருக்கு ஆறுதல் தருகிறதே என்பது வலுவான மறுப்பு. படுக்கையில் கிடப்பவர் தன் வலிக்குத் தானே அப்படி ஒரு பொருள் கண்டால் அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. பார்க்க வந்தவர் பழத்தோடு அதையும் கொண்டுவந்து வைப்பதுதான் கொடுமை. உடம்பை இழுக்கென்று எண்ணி, பின் அதனுள்ளே இறைவனைக் கண்டு அதைப் பேணத் தொடங்கிய திருமூலரின் மனமாற்றம் சைவத்துக்குள்ளேயே இருக்கிறது. குருசடிக்காரர்களுக்கோ யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் போதும். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று சொல்லிவிட்டு, இயேசு தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். ஓய்வுநாளில் செய்தார் என்றுதான் பரிசேயர்கள் பிறகு குறை சொன்னார்கள். எச்சிலும் மண்ணும் சுத்தமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.