அந்த நிமிஷமே

எங்கள் ஊரில் சாவு விழுந்தால், கேள்விப்பட்டு ஓடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்படிப்பா?" என்றுதான். கடலிலா, ரோட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பெற்றவள் கேட்பது வேறு. "கஷ்டப்பட்டானா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன். சொன்னது சரியா தப்பா என்று பல வருடங்கள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் பார்த்த ஒரு படம் அந்தக் கேள்வியை மறுபடி என் முன்னால் கொண்டுவந்து வைத்தது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கி 2017இல் வெளிவந்த 'லாஸ்ட் ஃப்ளாக் ஃப்ளையிங்'. டாரில் பானிக்சனின் நாவலை வைத்து எடுத்தது. 2003 டிசம்பரில் கதை நடக்கிறது. வியட்நாம் போரில் இருந்த டாக் என்பவரின் ஒரே மகன் ஈராக்கில் இறந்துபோகிறான். மனைவியும் அதே வருடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். முப்பது வருடமாகத் தொடர்பே இல்லாத இரண்டு பட்டாளத்து நண்பர்களைத் தேடிப்பிடித்து, "என் பையனைப் புதைக்க கூட வாங்க" என்று கூப்பிடுகிறார். ஒருவர் குடிகாரர், மதுக்கடை நடத்துகிறவர். இன்னொருவர் பாதிரியார் ஆகிவிட்டவர். மூன்று பேரும் சவப்பெட்டியோடு ரயில் ஏறுகிறார்கள்.

இதில் என்ன சிரிப்பு என்று தோன்றும். ஆனால் படம் நெடுகச் சிரிப்புதான். மூன்று கிழவர்களும் முதன்முதலாக செல்போன் வாங்குவது, ரயிலில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இளமைக்கால அசிங்கங்களைச் சொல்லிச் சொல்லி மூச்சுமுட்டச் சிரிப்பது. மகனை இழந்தவரும் சிரிக்கிறார். பார்க்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துச் சொல்தா தாத்தா ஞாபகம் வந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தா யார் என்று விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள். 1954 நவம்பர் 1இல் இந்த ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தது. அதற்குப் பிறகும் இவர்களுக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஜூலை 14 ஆனால் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் தாத்தா சொல்கிற சண்டைக் கதைகள் எல்லாமே சிரிப்புக் கதைகள்தான். கப்பலில் வாந்தி எடுத்தது, வாயில் நுழையாத பாலாடைக்கட்டி, குளிரில் இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு அவசரத்துக்கு அவிழ்க்க முடியாமல் தவித்தது. எல்லாக் கதையிலும் ஒரு காரைக்கால் பையன் வருவான். மாட்டிக்கொள்வது எப்போதும் அவன்தான். "அவரு அப்புறம் என்ன ஆனாரு தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்கயே இருக்கான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. சாவைத் தொடாமல் செத்தவனைப் பற்றிப் பேச அவருக்கு இருந்த ஒரே வழி சிரிப்புதான் என்று இப்போது புரிகிறது.

படத்துக்கு வருகிறேன். இரண்டு பொய்கள் அதில் வருகின்றன. மகன் வீரமாகச் சண்டையிட்டு மாண்டான் என்று டாக்கிடம் ராணுவம் சொல்கிறது. கூட இருந்த பையன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். குளிர்பானம் வாங்கக் கடைக்குப் போன இடத்தில் பின்னாலிருந்து யாரோ தலையில் சுட்டுவிட்டார்கள். டாக் கொதித்துப்போகிறார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறை வேண்டாம், அவன் அம்மா பக்கத்திலேயே புதைக்கிறேன் என்று கிளம்பிவிடுகிறார்.

இரண்டாவது பொய் போகிற வழியில். வியட்நாமில் இவர்களோடு இருந்த ஒருவன் வலியில் துடித்துத் துடித்துச் செத்திருக்கிறான். வலியை அடக்க வேண்டிய மார்ஃபினை இவர்கள் ஏற்கெனவே போதைக்காகத் தீர்த்துவிட்டிருந்தார்கள். அவனுடைய வயதான தாயிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போகிறார்கள். அவளோ, மகன் கூட்டாளிகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் நாங்கள்தான் என்று அவர்களும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

ராணுவத்தின் பொய் மீது நமக்குக் கோபம் வருகிறது. கிழவர்களின் பொய் மீது வரவில்லை. ஏன்? இரண்டும் ஒரே பொய்தானே?

யாருக்கு ஆதாயம் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ராணுவத்தின் பொய்யால் ராணுவத்துக்கு லாபம். கிழவர்கள் வந்ததே பாரத்தை இறக்கி வைக்கத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் மனசு லேசாகியிருக்கும், அந்தப் பாரம் முழுக்க அவள் தலையில் ஏறியிருக்கும். பொய் சொன்னதால் பாரத்தை மறுபடி தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொன்னதை நாம் வசதிக்காக எடுத்துக்கொள்கிறோம். 'குற்றமில்லாத' என்று அவர் வைத்த நிபந்தனையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். சொல்கிறவனுக்கு லாபம் இருந்தால் அங்கேயே குற்றம் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. தாங்கமாட்டாள் என்று அவளுக்காக நாம் முடிவுசெய்ய நாம் யார்? புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய கிழவியை நினைத்துப் பாருங்கள். மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொன்னதும், கையில் வாளோடு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். துண்டுபட்டுக் கிடந்தவனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சி இன்றைக்கு நமக்கு அந்நியமாக இருக்கலாம். தானே போய்ப் பார்ப்பேன் என்ற பிடிவாதம் அந்நியமில்லை. 2004 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் பாட் டில்மன் இறந்தபோது, எதிரியின் தாக்குதலில் மாண்டார் என்று சொல்லி அமெரிக்க ராணுவம் பதக்கமும் கொடுத்தது. சொந்தப் படையின் குண்டு பட்டுத்தான் இறந்தார் என்பது சில வாரம் கழித்தே குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. அவர் தாய் மேரி டில்மன் வருடக்கணக்கில் விடாமல் கேள்வி கேட்டார். இவர்களிடம் போய், "உங்களால் தாங்க முடியாதும்மா" என்று யார் சொல்ல முடியும்?

இனி என் விஷயம். கடலூர் ரோட்டில் ராத்திரி ஒரு விபத்து. வண்டி ஓட்டியவன் பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு படித்தவன். ஆம்புலன்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். அரைமணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்தது. அந்த அரைமணி நேரத்தை இங்கே எழுதப்போவதில்லை. விடிந்ததும் அவன் அம்மா கேட்டார்கள். "கஷ்டமே இல்லம்மா. அந்த நிமிஷமே போயிடுச்சு" என்றேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

படத்தில் அந்தத் தாயின் வீட்டில் ஒரு நாள், கொஞ்ச நேரம். பிறகு ரயில் ஏறிவிடுகிறார்கள். பனித்திட்டில் நான் ரயில் ஏற முடியாது. அடுத்த தெருதான். திதி வந்தால் கூப்பிடுவார்கள். மாசி மகத்தில் கடற்கரையில் எதிரே வருவார்கள். ஒவ்வொரு தடவையும், "அந்த நிமிஷமேவாப்பா?" என்று கேட்பார்கள். நானும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பேன். கண் மூடியிருந்தது, முகம் தூங்குற மாதிரி இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு விட முடியாது, மாடு மாதிரி தினமும் தீனி போட வேண்டியிருக்கிறது. கடைசியில் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன், சுற்றிக்கொண்டு போனேன்.

இங்கேதான் என் கணக்கு உதைக்கிறது. அந்தப் பொய்யால் எனக்கு லாபமே இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்தது. அந்த அரைமணி நேரத்தை வாய்விட்டுச் சொல்வதிலிருந்து தப்பித்தேன். கடைசியில் அவன்கூட இருந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அவர்களுக்கு அவனைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ஆள் கிடையாது. அந்த ஆளையும் நான் எடுத்துக்கொண்டேன். பொய் சொன்னதைவிட, சொல்லிவிட்டு விலகிப்போனதுதான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். உண்மை சொன்னாலும் சரி, பொய் சொன்னாலும் சரி, சொன்னவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு மனசில்லாதவன் இரண்டையுமே சொல்லக் கூடாது.

படம் பார்த்த மறுவாரம் அந்த வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஏழாங்கிளாஸில் நானும் அவனும் வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் உப்பனாற்றில் தள்ளிய கதையைச் சொன்னேன். அவர்களுக்கு அது தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து, என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இந்தத் தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "அடுத்த வாரமும் வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள்.