கோவணாண்டியைப் பார்க்கப் போகிறவனுக்குக் கோணி ஊசி எதற்கு?

தார்ப்பாய் தைப்பது என் தொழில். மதுரை வில்லாபுரத்தில் கடை. லாரிக்காரர்கள், பந்தல்காரர்கள், நெல் மூடிவைக்கிறவர்கள்தான் வாடிக்கை. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிற குழுவோடு நானும் போவேன். வழியில் மோர் ஊற்றுகிறவர் உண்டு, காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவர் உண்டு. எனக்குத் தெரிந்தது ஊசி. ராத்தங்கும் இடத்தில் யாருடைய படுதா கிழிந்தாலும், பிள்ளைக்குக் கட்டிய தூளி விட்டுப்போனாலும் என்னிடம் வரும். கோணி ஊசி, நைலான் நூல், ஒரு மெழுகுவத்தி, கொஞ்சம் கான்வாஸ் துண்டு, அவ்வளவுதான் என் மூட்டை. காசு வாங்குவதில்லை.

எங்களோடு நடக்கிற வாத்தியார் ஒருவர், பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றவர், செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வைத்து மடக்கினார். "எல்லாத்தையும் உதறிட்டு ஒத்தக் கோவணத்தோட நிக்கிறவனைப் பாக்கப் போறோம். நீ என்னடான்னா கிழிஞ்ச படுதாவைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற. இது பற்று இல்லாம வேற என்னப்பா?"

கேலிதான். ஆனால் மதுரைக்காரன் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத கேள்வி. திருப்பரங்குன்றம், மாங்குளம், அழகர்மலை என்று ஊரைச் சுற்றி எந்தக் குன்றில் ஏறினாலும் குகையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கை இருக்கிறது. சமணத்தில் திகம்பரர் பிடித்த வாதம் வாத்தியார் சொன்னதைவிடக் கறாரானது. ஒரு முழத் துணி இருந்தாலும் அது அழுக்காகும், துவைக்க வேண்டும். துவைத்தால் சிற்றுயிர் சாகும். கிழியும், ஊசிக்கும் நூலுக்கும் இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். தொலைந்தால் மனசு அதையே சுற்றும். ஆகவே துணியை வைத்துக்கொண்டு வீடுபேறு கிடையாது. சுவேதாம்பரர் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய துறவிகள் வெள்ளைத் துணி உடுத்துகிறார்கள். தொழில்காரனாகச் சொன்னால், திகம்பரர் கணக்கில் பிழை இல்லை. துணி வந்தால் பின்னாலேயே ஊசி வரும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

ஆனால் அந்தக் குகைகளுக்குப் போகிறவர்கள் படுக்கையையும் எழுத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேலே. குகை வாய்க்கு மேல், பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். மழைத்தண்ணீர் பாறையை ஒட்டியே உள்ளே வழியாமல் அந்த விளிம்பில் தடுக்கி, வெளியே சொட்டிவிடும். நாங்கள் படுதா கட்டும்போது கயிற்றில் ஒரு துணித்திரியை முடிந்து தொங்கவிடுவோம். கயிறு வழியாக ஓடி வருகிற தண்ணீர் திரியில் இறங்கிவிடும், படுத்திருப்பவன் தலைக்கு வராது. ரெண்டும் ஒரே வித்தை. உடம்பையே பொருட்படுத்தாதவர்கள் என்று நாம் சொல்லும் முனிவர்களுக்கு, யாரோ ஒருவன் உளியோடு ஏறி ஒழுகலை அடைத்துக் கொடுத்திருக்கிறான்.

கொடுத்தது யார் என்பது அதைவிட ருசி. அழகர்மலைக் குகையில், கிடாரிப்பட்டிப் பக்கம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தில் கொடையாளிகள் பெயர் இருக்கிறது. உப்பு வணிகன் இருக்கிறான், கொழு வணிகன் இருக்கிறான், அறுவை வணிகனும் இருக்கிறான். அறுவை என்றால் துணி. துறவிகளின் படுக்கைக்குத் துணிக்காரன் பணம் போயிருக்கிறது! பற்றை விட்டவர்களின் கூரை, பற்றோடு கடை நடத்தியவன் கைக்காசில் நின்றது. வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "அது தானம்ப்பா. ஒட்டுப்போடுறது வேற," என்றார்.

வேறதான். தானம் என்றாலே நமக்குப் புதுசு. பூச சமயத்தில் ரோட்டோரம் மெல்லிசான நீலப் படுதாக்களைப் புதிதாகவே கொடுப்பார்கள். பனிக்கு அது போதும். ஒட்டன்சத்திரம் பக்கம் காற்று எடுத்தால் மூலையில் அடித்த கண் பிய்ந்துவிடும், மறுநாள் காலையில் படுதா முள்ளுச்செடியில் கிடக்கும். அதை எடுத்து வந்தால் எனக்கு ஊசிகூட வேண்டாம். பாலித்தீன் படுதாவில் ஊசி போட்டால் போட்ட ஓட்டையே அடுத்த கிழிசலுக்கு வழி. மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லை அடியில் வைத்து, படுதாவைக் கல்லோடு சேர்த்துக் குமிழாகப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டால் சரி. இழுக்க இழுக்க இறுகும். கான்வாஸ் என்றால் வேலை வேறு. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மையாக விட்டால் அங்கேதான் முதலில் பெயரும். ஓரத்தை உள்ளே மடித்து ரெண்டு வரிசை தையல். பிறகு ஊசித்துளை மேலெல்லாம் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

வாத்தியார் பெரியபுராணம் நன்றாகச் சொல்வார், அதனால் அவர் களத்திலேயே அவரைக் கேட்டேன். பழையாறைத் துணி வணிகர் அமர்நீதியாரிடம் பிரமசாரியாக வந்த சிவன் ஒரு கோவணத்தைக் கொடுத்துவைத்துவிட்டுப் போகிறார். அது காணாமல் போகிறது. அமர்நீதியார் புதுக்கோவணம் தருகிறார், பொன் தருகிறேன் என்கிறார். வந்தவர் ஒப்பவில்லை, தன்னிடம் இருக்கும் பழசுக்கு நிறை சமமாகத் தரச்சொல்லித் தராசு ஏற்றுகிறார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டரிடமும் அதே கதைதான். குளிர்காலத்தில் அழுக்குக் கந்தையோடு ஏழைக் கிழவராக வந்தவர் புதுவேட்டி கேட்கவில்லை. இந்தக் கந்தையைத் துவைத்து உலர்த்திப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறார். மழை விடவில்லை. சொன்ன நேரத்துக்குத் தரமுடியாத வண்ணார், துவைக்கிற கல்லிலேயே தலையை மோதப்போகிறார். அப்போதுதான் சிவனின் கை வந்து தடுக்கிறது. "பழசுதான் வேணும்னு சாமியே நிக்குதே, அதுவும் பற்றா வாத்தியாரே?"

"அது திருவிளையாட்டு. சோதனை," என்றார்.

சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னத்தைச் சோதித்தார்? தொண்டரிடம் செல்வம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒருவனுக்குக் குளிரும் என்பது இவனுக்கு உறைக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அந்தக் கதையில் கந்தையைவிட அந்தப் பொழுதுதான் பெரிசு. நான் தைக்கிற ஒட்டு ஆயுசுக்கு நிற்காது. அது எனக்கும் தெரியும், கொண்டுவந்தவனுக்கும் தெரியும். இன்று ராத்திரிக்கு நின்றால் போதும் என்று தைக்கிறவனைப் பற்றுக்காரன் என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

பற்று எங்கே வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெயிலில் மக்கிய படுதாவை விரலால் தேய்த்தால் உதிரும். அதைத் தைத்துக் கொடு என்று ரோட்டில் நின்று சண்டை போட்டவர்கள் உண்டு. போன தைக்கு ஒரு பாட்டி தன் மாமியாரின் சுங்குடிச் சேலையில் பேத்திக்குத் தூளி கட்டியிருந்தார். கொம்பில் உரசுகிற இடத்தில் அது நைந்து விட்டிருந்தது. "ஒரு தையல் போட்டுக் குடுய்யா, இதுலதான் எம்பிள்ளைக எல்லாம் தூங்குச்சு," என்றார். இழுத்துப் பார்த்தேன், நூல் நூலாகப் பிரிந்தது. முடியாது ஆத்தா, பிள்ளை கனம் தாங்காது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மருமகளின் நைலக்ஸ் சேலையை வாங்கித் தூளி கட்டி, சுங்குடியை நாலாக மடித்துக் கொம்புக்கும் முடிச்சுக்கும் நடுவில் மெத்தையாகச் சுற்றிவிட்டேன்.

பாட்டிக்காக நான் செய்தது பற்றுக்குத் துணைபோனது என்று வாத்தியார் சொன்னார். உரசாமல் இருக்க எப்படியும் அங்கே ஒரு துணி வேண்டும் என்றேன். கிழிந்த கோணி இருந்ததே என்றார். இருந்தது. அதை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.