வாசலில் நிற்கும் சாமி

மதுரைவீரன் கொல்லப்பட்டுச் சாமியானவன். காத்தவராயனைக் கழுவில் ஏற்றினார்கள், அவனும் சாமி. நா.வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை எம்.ஏ.யில் படித்தபோது ‘வீர வழிபாடு’ என்று எழுதினால் மார்க் கிடைத்தது. கொலை என்கிற சொல் எங்கள் விடைத்தாளில் வரவேயில்லை.

சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனான். மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். சொல்லிச் சொல்லி இந்தக் கதையைக் கழுவியிருக்கிறார்கள். பிறப்பு காசிராஜன் வீட்டுக்குப் போனது. 1956-இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அவன் ராஜா வீட்டுப் பிள்ளைதான். வெட்டுப்பட்ட கைகாலை மீனாட்சி வளர வைத்தாளாம், பிறகு தானே கழுத்தை அறுத்துக்கொண்டானாம். வெட்டச் சொன்னவன் கை சுத்தமாயிருச்சு!

மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலோரம் நிற்கிறான். அவனைப் பாட்டன் என்கிற சனம் 1939 ஜூலை 8 வரை அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. சாமியான பிறகும் காவக்கார வேலைதான்.

அம்பேத்கரைப் படித்த திமிரில் அப்பத்தாவிடம் சண்டை போட்டேன். ‘நம்மள வெட்டுறவனும் இதே சாமியத்தான கும்புடுறான்?’

சுருட்டும் சாராயமும் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னது: ‘அவன் பயந்து கும்புடுறான். நா எம் புள்ளையக் கும்புடுறேன்டா.’

பயம் குற்றவுணர்வு ஆகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். குற்றவுணர்வு வந்தவன் அடுத்த தடவை அரிவாளை எடுக்க யோசிப்பான். பயந்தவன் ஒரு கிடாயை வெட்டிக் கணக்கை முடித்துக்கொள்வான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், காதலித்துக் கல்யாணம் செய்ததற்காக ஒரு தலித் மாணவரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். 2017-இல் ஆறு பேருக்குத் தூக்கு. 2020-இல் உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்தது, மற்ற ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. நாளைக்கு அதே இடத்தில் அவர்களே ஒரு பீடம் போட்டு மாலை சாத்தினால் நாம் சும்மா இருப்போமா?

அப்படியானால் பீடத்தை இடித்துவிடலாமா என்றால், அங்கேதான் எனக்கு இடறுகிறது. வீரன் கொலைக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. பூசாரி பாட்டு ஒன்றுதான் சாட்சி.

இந்த வருசப் படையலில் நான் கும்பிடவில்லை. உடுக்கைக்காரரிடம், வெட்டுப்பட்ட இடத்தைப் பாடச் சொன்னேன். நேரமாச்சு என்று, மீனாட்சி கை வளர வைத்த இடத்துக்கு அவர் தாவப் பார்த்தார். அப்பத்தா விடவில்லை.