கூட்டாஞ்சோறும் கணக்கு நோட்டும்

சிறு வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கிச் சாப்பிடாதவர்கள் நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிடி அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து கொஞ்சம் துவரம் பருப்பு, மற்றொரு வீட்டுக் கொல்லையிலிருந்து நான்கு கத்தரிக்காய், யாரோ ஒருவன் தாயாருக்குத் தெரியாமல் எடுத்து வந்த ஒரு கரண்டி நெய். மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, கண்ணைக் கசக்கிக் கொண்டு ஊதி ஊதி ஆக்குவோம். சோறு பாதி வெந்தும் பாதி வேகாமலும், புகை நாற்றத்துடன் இருக்கும். ஆனால் வீட்டில் தட்டை ஒதுக்கும் பையன்கூட அங்கே இலையை வழித்துத் தின்பான்.

அந்தப் பந்தியில் ஒரு விசேஷம் உண்டு. அரிசி கொண்டு வந்தவனுக்கும் உப்பு கொண்டு வந்தவனுக்கும் ஒரே அளவு சோறுதான். ஒன்றுமே கொண்டு வராமல் சுள்ளி மட்டும் பொறுக்கியவனுக்கும் பங்கு உண்டு. சுள்ளியும் பொறுக்காமல், வேடிக்கை பார்க்க வந்த கைக்குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுவார்கள். அந்த வயதில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

வளர்ந்த பிறகு கேட்கிறோம். அப்படிக் கேட்பது தவறா? சிநேகிதர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும்போது, எல்லோரும் சமமாகப் பணம் போடுவதுதானே நியாயம்? வெகு காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1967ஆம் வருஷம். திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் குடியிருந்தோம். ஒருவர் பாங்கியில் குமாஸ்தா. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவன் அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துகிறவன். நாலாவது ஆள் நான். அந்த வருஷம் சென்னையில் எங்கே பார்த்தாலும் அரிசிப் பேச்சுத்தான். தேர்தலில் ஜெயித்து வந்த புது மந்திரிசபை மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்திருந்தது. ஹோட்டலில் மாதச் சாப்பாடு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு ஈயம் பூசிய பாத்திரம், ஒரு இரும்புக் கரண்டி, நாலு அலுமினியத் தட்டு ஆகியவற்றுடன் எங்கள் சமையல் தொடங்கியது. ஆளுக்கு மாதம் 25 ரூபாய் என்று பேச்சு.

குறைந்த செலவில் சமைப்பது ஒரு கலை என்று சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் தினமும் நடக்கிற காரியம் அது. எங்களுக்கோ அது பெரிய கண்டுபிடிப்பு. ஓர் ஆழாக்குப் பருப்பை நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்தால், மேலே நிற்கும் தெளிவு ரசத்துக்கு, அடியில் தங்கும் கெட்டி கீரை மசியலுக்கு. கீரையின் தண்டை எறியாமல் நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டால் முருங்கைக்காய்க்கு ஈடாக இருக்கும். புளியின் முதல் கரைசல் குழம்புக்கு. அதே கோதை மறுபடி பிழிந்தால் ரசத்துக்குப் போதும். அப்பளத்தைப் பொரித்தால் எண்ணெய்ச் செலவு. சுட்டால் செலவே இல்லை. வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் கலந்து குடித்துவிட்டால் காலையில் காப்பிச் செலவு மிச்சம். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் புரூப் திருத்துகிறவன்தான். தகப்பனார் இல்லாத வீட்டில் தாயாருக்கு அடுப்படியில் உதவி செய்து வளர்ந்தவன் அவன்.

பாங்கி நண்பர் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். கடுகு வாங்கிய காசு வரையில் அதில் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டி, வகுத்து, மீதியைப் பைசா சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பார். அந்த நோட்டில் ஒரு நாளும் தப்பு நேர்ந்ததில்லை. அதனாலேயே எங்களுக்குள் சண்டையும் இல்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அச்சுக்கூடத்துக்காரன் இராச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். "மயிலாப்பூரிலே ஒரு அத்தை இருக்காங்க. தினம் வந்து சாப்பிடச் சொல்றாங்க. எனக்கு இனிமே பகல் சாப்பாடு மட்டும் கணக்கு வையுங்க, சார்" என்று பாங்கி நண்பரிடம் சொன்னான். நோட்டில் அப்படியே எழுதப்பட்டது. அவன் பங்கு பாதியாயிற்று. எல்லாம் கிரமமாக நடந்தது.

ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். நான் கடற்கரையிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தேன். தெருக்குழாயில் ஒருவன் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி, குடித்துக் கொண்டே இருந்தான். தாகத்துக்குக் குடிக்கிறவன் அவ்வளவு நேரம் குடிக்க மாட்டான். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. மயிலாப்பூரில் அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. அச்சுக்கூடத்தில் இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை.

அவன் பொய் சொன்னான் என்று எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பொய்யை நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு சுலபமாக நம்பினோம் என்பதுதான் என்னை உறுத்தியது. மயிலாப்பூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அத்தை எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று ஒருவராவது கேட்கவில்லையே! கேட்டால் தெரிந்துவிடும்; தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். நோட்டில் தப்பில்லை என்பதையே ஒரு சௌகரியமாக எடுத்துக் கொண்டுவிட்டோம்.

விஷயம் வெளியானதும் வாத்தியார், "நீ பணமே கொடுக்க வேண்டாம், எங்களோடு சாப்பிடு" என்றார். அவன் கேட்கவில்லை. "சும்மா சாப்பிட முடியாது, வாத்தியாரே. சமையலை நான் பார்த்துக்கறேன். அது என் பங்கு" என்றான். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. பணம் உள்ளவன் பணம் தருகிறான். இல்லாதவன் உழைப்பைத் தருகிறான். சுள்ளி பொறுக்கிய பையன் மாதிரி.

ஆனால் நடந்தது வேறு. முதல் வாரம் எல்லோரும் அவனுடன் காய் நறுக்கினோம். இரண்டாவது வாரம் பத்திரிகை படித்துக் கொண்டு காத்திருந்தோம். மூன்றாவது வாரம் ஒருவர், "என்னப்பா, ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கிறதே?" என்றார். முன்பெல்லாம் உப்புக் கூடினால் நாலு பேரும் சேர்ந்து சிரிப்போம். அது எங்கள் ரசம். இப்போது அது அவனுடைய ரசமாகிவிட்டது. அவன் பதில் பேசாமல் எழுந்து போய்ச் சோற்றில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொண்டு வந்தான். ஒரு மாதத்துக்குள், யாரும் திட்டம் போடாமலே, ஒரு சிநேகிதனைச் சமையற்காரனாக்கிவிட்டோம். சமையற்காரர் இழிந்தவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் உண்டு, வீடு உண்டு, வேலையை விட்டுப் போகும் சுதந்திரம் உண்டு. இவனுக்கு இருந்ததெல்லாம் எங்கள் தயவு ஒன்றுதான்.

சேர்ந்து உண்பது என்பது நம் நாட்டில் எப்போதுமே லேசான சமாசாரமாக இருந்ததில்லை. 1917இல் கேரளத்தில் செறாயி என்ற ஊரில் சகோதரன் ஐயப்பன் வெவ்வேறு சாதியாரை ஒன்றாக உட்கார்த்தி வைத்து ஒரு சமபந்தி போஜனம் நடத்தினார். அதற்காகச் சொந்தச் சமூகத்தாரே அவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏளனம் செய்தார்கள். நம் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். பொதுமக்கள் கொடுத்த நன்கொடையும் காங்கிரஸ் கொடுத்த பணமும் ஒரே பெட்டியில் விழுந்தன. ஆனால் 1924, 1925இல் அங்கே ஒரு சாதிப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விஷயம் வெளியே வந்தபோது மாகாணமே கொந்தளித்தது. பணத்தைக் கலப்பது சுலபம், பந்தியைக் கலப்பதுதான் கஷ்டம் என்பதை அந்தச் சம்பவம் காட்டிற்று. எங்கள் அறையில் சாதிப் பேச்சே கிடையாது. அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. ஆனால் அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவே நாங்களும் ஒரு கோடு கிழித்துவிட்டோம்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரம் எழுதினார். நட்புக்கும் எழுதினார். ஆனாலும், உணவைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களைக் காப்பதே அறநூல்கள் தொகுத்தவற்றில் தலையாயது என்ற கருத்தை அவர் வைத்த இடம் கொல்லாமை அதிகாரம். இளமையில் இது எனக்குப் புதிராக இருந்தது. பகிர்ந்து உண்பது தயாள குணம்தானே, அதைக் கொல்லாமையோடு ஏன் சேர்த்தார் என்று நினைப்பேன். தெருக்குழாயடியில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு சந்தேகம் தீர்ந்தது. பக்கத்துத் தட்டு காலியாக இருக்கும்போது நாம் சாப்பிட்டுக் கொண்டிருப்பது, நல்ல காரியம் ஒன்றைச் செய்யாமல் விட்டது மட்டும் அல்ல. ஒரு தீங்கைச் செய்வதும்தான்.

கடைசியில் வாத்தியார் ஒரு வழி சொன்னார். அலமாரியில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா இருந்தது. முதல் தேதியன்று ஒவ்வொருவரும் தனியாகப் போய், தம்மால் முடிந்ததை அதில் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று கேட்கக் கூடாது. மூன்றாம் தேதி, முறை வைத்து ஒருவர் அதை எண்ணிச் சாமான் வாங்குவார். சமையலும் முறை வைத்துத்தான்.

பாங்கி நண்பர் முதலில் ஒப்பவில்லை. "ஏமாற்ற இடம் இருக்கிறதே" என்றார். இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த ஏற்பாட்டிலும் தப்பு நேரலாம். அந்தத் தப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. நோட்டில் ஒரு குறை வந்தால் அது இல்லாதவன் வயிற்றில் போய் விழுகிறது. டப்பாவில் ஒரு குறை வந்தால் எல்லோருடைய ரசமும் கொஞ்சம் நீர்த்துப் போகிறது. நாலு பேர் நீர்த்த ரசம் குடிப்பது, ஒருவன் குழாய்த் தண்ணீர் குடிப்பதைவிட மேல் அல்லவா?

இந்தத் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிற்காலத்தில் பல இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். 1867இல் வள்ளலார் வடலூரில் ஏற்றிய அடுப்பைப் பற்றியும், 1956இல் காமராஜர் விரிவாகத் தொடங்கிய மதிய உணவைப் பற்றியும் பேசும்போதெல்லாம், 'பசிக்கிறவனிடம் கணக்குக் கேட்காத அடுப்பு' என்று சொல்லி, எங்கள் டப்பாவையும் மனத்துக்குள் சேர்த்துக் கொள்வேன்.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்கு நான் ஒரு டெரிலின் சட்டை எடுத்தேன். அதனால் அந்த மாதம் டப்பாவில் 25 ரூபாய்க்குப் பதில் 15 ரூபாய்தான் போட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு?

இருபது வருஷம் கழித்து, நல்ல நிலைமைக்கு வந்துவிட்ட அந்த அச்சுக்கூடத்து நண்பனிடம் ஒரு கல்யாணப் பந்தியில் வேடிக்கையாக இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அந்த மாசம் டப்பாவை எண்ணினது நான்தான்" என்றான். "பத்து ரூபாய் குறைஞ்சது. யார் குறைச்சிருப்பாங்கன்னு மத்தவங்க நினைப்பாங்க? என்னைத்தானே? மூணு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. எங்கேயோ கைமாத்து வாங்கி, அந்தப் பத்து ரூபாயை நானே போட்டுட்டேன்."

இலையில் பாயசம் பரிமாறிக் கொண்டு போனார்கள். எனக்குச் சாப்பிட முடியவில்லை.

டப்பாவின் மேல் தப்பில்லை. நோட்டைவிட அது நல்ல ஏற்பாடுதான். இன்றும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்தேனே, அதுதான் தப்பு. யாரும் பார்க்காத இடத்தில் நான் குறைத்த பத்து ரூபாய் எல்லோருடைய ரசத்திலும் சமமாகக் கரைந்துவிடும் என்று எண்ணினேன். அது கரையவில்லை. தாங்க முடியாதவன் எவனோ, அவன் தலையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து கொண்டது.

நான் செய்திருக்க வேண்டிய காரியம் மிகச் சிறியது. தட்டைப் போட்டு உட்காரும்போது, "இந்த மாசம் சட்டை எடுத்துட்டேன், பத்து ரூபாய் குறைச்சலாத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேரும் கேலி செய்திருப்பார்கள், அவ்வளவுதான். 'என்னால் முடியவில்லை' என்ற வார்த்தை, இருக்கிறவன் வாயிலிருந்து வந்தால் வேடிக்கை. இல்லாதவன் வாயிலிருந்து வந்தால் அவமானம். அதனால் இருக்கிறவன்தான் அதை முதலில் சொல்லிப் பழக வேண்டும். நாலு பேர் உட்காரும் இடத்தில் அந்த வார்த்தை சாதாரணமாகப் புழங்கினால், உண்மையாகவே முடியாதவனும் ஒரு நாள் அதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவான். மயிலாப்பூரில் ஓர் அத்தையை உண்டாக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இராது.